பாம்பனிலிருந்து நல்லவாடு வரை: வானொலி தேடிப் போன ஐந்து நாட்கள்

முதல் நாள்: மதுரை – பாம்பன்

காலை ஐந்தரைக்கு மாட்டுத்தாவணியில் ராமேஸ்வரம் பேருந்து கிடைத்தது. நானும் என் மாணவர்கள் இருவரும். பையன் நிலக்கோட்டைப் பக்கம், மல்லிகை போட்டிருக்கும் குடும்பம், வேதியியல் படிக்கிறான். பெண் வத்தலக்குண்டு, வரலாறு. பெயர் போட வேண்டாம் என்று இருவருமே கேட்டுக்கொண்டார்கள். அதனால் இங்கே அவர்கள் தம்பி, பாப்பா. நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

எதற்கு இந்தப் பயணம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடமாக எங்கள் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருக்கிறேன். காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கிய திட்டம் அது. ஒரு மாணவர் வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். ஏழு நாள் கிராம முகாம் ஒன்றும் உண்டு. மணிக்கணக்கை நான் ஒழுங்காகவே எழுதிவந்தேன். ஆனால் பேருக்கு எதிரே மணியைப் போடும்போதெல்லாம், இந்தப் பிள்ளை இதில் என்ன பெற்றது, அந்த ஊர் என்ன பெற்றது என்ற கேள்வி எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

போன முகாமின் கடைசி நாளில் தம்பி என்னிடம் கேட்டான்: "மேம், ஏழு நாளா கருவேலம் வெட்டுனோம், தெருவக் கூட்டுனோம். நாம போனப்புறம் இந்த ஊருக்கு நம்ம ஞாபகம் வருமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அதே முகாமில் ஒரு காரியம் தானாக நடந்தது. பாப்பா ஒரு கிழவியிடம் நடவுப் பாட்டுக் கேட்டுக் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தாள். மறுநாள் காலையில் கோயில் ஒலிபெருக்கியில் அதைப் போட்டுவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை, ஊரே வந்து நின்றது. "இது நம்ம அப்பத்தா குரலுல்ல" என்று ஒரு சின்னப் பையன் ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏழு நாளில் எங்கள் பிள்ளைகளை ஊர்க்காரர்கள் தேடி வந்தது அன்று ஒருநாள்தான்.

சமுதாய வானொலி பற்றி நான் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகு. படித்தது போதும், நேரில் பார்ப்போம் என்று கிளம்பிவிட்டோம். பேருந்துச் செலவும் சாப்பாடும் என் பொறுப்பு. சேவைக்கு வரும் பிள்ளையின் கைக்காசைச் செலவழிக்க வைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரி.

பாப்பாவின் அப்பாவிடம் அனுமதி கேட்க நானே வீட்டுக்குப் போயிருந்தேன். "ரேடியோவுல பேரு வருமா டீச்சர்?" என்றார். வராது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பேரு வரலேன்னாலும் குரலக் கேட்டா நம்ம புள்ளன்னு தெரிஞ்சிருமே." அதை அவர் பயந்து சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அனுப்பிவைத்தார்.

தம்பியின் புதுக் கைப்பேசியில் எஃப்.எம். இல்லை. என் பழைய கைப்பேசியில் உண்டு. ஒயர் இயர்போனைச் செருகினால் அதுவே ஏரியல். ராமநாதபுரம் தாண்டியதிலிருந்து, பாம்பனின் 'கடல் ஓசை' வானொலி வரும் 90.4இல் வைத்தபடியே வந்தான். உச்சிப்புளி வரை வெறும் இரைச்சல். மண்டபம் நெருங்க நெருங்க இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் தலைகாட்டியது. பாம்பன் பாலத்தில் ஏறியபோது, இரண்டு பக்கமும் கடல், பக்கத்தில் புது ரயில் பாலம், காதில் கணீரென்று 'கடல் ஓசை'. "மேம், வந்துருச்சு!" என்று கத்தினான். பேருந்தே திரும்பிப் பார்த்தது.

சமுதாய வானொலி என்றால் என்ன என்பதை நான் பத்து வகுப்பு எடுத்திருந்தாலும் இப்படி விளங்க வைத்திருக்க முடியாது. 100 வாட் சக்தி, 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாத கோபுரம். பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் குரல் தேய்ந்துவிடும். அந்த வட்டத்துக்குள் இருப்பவர்களுக்காக அங்கிருப்பவர்களே பேசுவது. வட்டம் சின்னதாக இருப்பதால்தான் பாட்டியின் குரலைப் பேரன் அடையாளம் காண முடிகிறது.

இரண்டாம் நாள்: பாம்பன்

கடல் ஓசை 2016 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. நிறுவனர் ஆம்ஸ்ட்ராங் பெர்னாண்டோ. மீனவர்களுக்கென்றே வந்த சமுதாய வானொலி. கடல், மீன், வானிலை, மாறிவரும் பருவம் என்று அதன் பேச்செல்லாம் கரையைச் சுற்றியே இருக்கும். நிலையத்தைப் பார்ப்பதைவிட அதைக் கேட்கிறவர்களைப் பார்க்கத்தான் எங்களுக்கு ஆசை. அதனால் இன்றைய பொழுது பெரும்பாலும் கரையில் போனது.

விடியற்காலையில் தெற்குவாடிக்குப் போனோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன. நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லை. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் தம்பி பதிவுக்கருவியை நீட்டினான். காற்றைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று இரவே கேள்விகள் எழுதி வைத்திருந்தான்.

"ஐயா, காத்து மாறுதா?"

"மாறும்."

"இப்ப மீன் கொறைஞ்சிருச்சா?"

"கொறைஞ்சிருச்சு."

அதற்குமேல் பேச்சு நகரவில்லை. தம்பி என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆமாம், இல்லை என்று முடிந்துவிடக்கூடிய கேள்வியைக் கேட்டால் அப்படித்தான் வந்து நிற்கும்; அதை அவனே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன். கொஞ்ச நேரம் வலையைப் பார்த்துக்கொண்டு நின்றவன், "இன்னைக்கு நீங்க கடலுக்குப் போகலையே, ஏன்யா?" என்றான்.

பெரியவர் வலையைக் கீழே வைத்தார். "கச்சான் காத்து எறங்கிருச்சுப்பா. கச்சான் எறங்குனா தென்கடல் ஆடும், வடகடல் படுத்துக் கெடக்கும். வாடைக்காத்துல இது அப்படியே தலைகீழு. வடக்க ஆடும், தெக்க படுக்கும். ரெண்டு கடலு, ஒரு ஊரு. எந்தக் காத்துக்கு எந்தக் கடல்னு தெரியாதவன் இங்க பொழைக்க முடியாது." அரை மணி நேரம் பேசினார். கொண்டல், சோழகம், கரைக்காற்று, தண்ணீரின் நிறம், நீரோட்டத்தின் பக்கம். பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா என்று வரைபடத்தில் நான் காட்டியதை எல்லாம் அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

போட்டுக் கேட்டால் முழுக்க 'புர்ர்' என்ற சத்தம். அவர் குரல் அடியில் எங்கோ கிடக்கிறது. தம்பிக்கு முகம் வாடிவிட்டது. பெரியவர் கருவியைத் தன் காதருகே வைத்துக் கேட்டார்.

"காத்து அதோட மூஞ்சிலயே அடிக்குதுப்பா. காத்துக்கு முதுகு காட்டி நில்லு. நீ மறைச்சு நின்னா அது கேக்கும்."

தன் தோள் துண்டை எடுத்துக் கொடுத்து அதன்மேல் சுற்றச் சொன்னார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து சொன்னார், அதே அரை மணி நேரம், கொஞ்சமும் சலிக்காமல். இந்த முறை குரல் சுத்தமாக வந்தது, பின்னால் மெல்லிய அலையோடு. படித்த பையன் ஒருவன் தன் பேச்சைக் கேட்க இரண்டாவது முறையும் நிற்கிறானே என்று அவருக்கு மகிழ்ச்சி. தன் சொல்லைக் கெடாமல் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு பெரியவர் தன்னை நம்பியதில் இவனுக்கு மகிழ்ச்சி. நிழலில் நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாப்பா சாயங்காலம் தனியாகவே போனாள், பாசி எடுக்கும் பெண்கள் இருக்கும் குடியிருப்புக்கு. பாம்பன் தீவுப் பெண்களுக்குக் கடல்பாசி எடுப்பது பழைய தொழில். விரலில் துணிச்சுற்று, கண்ணுக்கு முகமூடிக் கண்ணாடி, காலில் கட்டிக்கொள்ளும் தகடு, இவ்வளவுதான் கருவி. பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்து, கட்டக்கோரைப் பாசிகளை மூச்சைப் பிடித்து மூழ்கிப் பறிக்க வேண்டும். இரண்டு நாளாகக் கடல் சரியில்லாததால் எல்லோரும் கரையில் இருந்தார்கள்.

பாப்பா திரும்பி வந்தபோது இருட்டிவிட்டது. கையில் பதினொரு நிமிடப் பதிவு. ஒரு அக்காள் பேசியிருந்தார். முதன்முதலாக அம்மாவோடு கடலில் இறங்கிய நாள், கல்லில் கிழிந்த விரல், அப்புறம் குடும்பத்துக் கடன், வீட்டுக்காரரின் குடி. பாப்பா ஒரு கேள்விகூட நடுவில் கேட்கவில்லை. கேட்டு முடித்ததும் நான் வெகுநேரம் பேசாமல் இருந்தேன். அவ்வளவு நல்ல பதிவு.

மூன்றாம் நாள்: பாம்பன் – வேதாரண்யம்

காலை ஆறரைக்கு விடுதி வாசலில் அந்த அக்காள் நின்றார். இரவெல்லாம் தூங்கவில்லை போலிருக்கிறது.

"பாப்பா, நேத்து கடனையும் அவரு குடிக்கிறதையும் பேசிட்டேன். அதெல்லாம் வேணாம்மா. புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போகுதுங்க."

"பேரு போட மாட்டோம்க்கா" என்று பாப்பா ஆரம்பித்தாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டாள். அவள் அப்பா சொன்னது ஞாபகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். குரலைக் கேட்டால் தெரிந்துவிடும். பத்துக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

கருவியை எடுத்து, அந்த அக்காளையே பக்கத்தில் உட்கார வைத்துப் பதிவு முழுவதையும் போட்டுக் காட்டினாள். எதுவரை வைக்கலாம், எங்கே வெட்ட வேண்டும் என்று அவரையே சொல்லச் சொன்னாள். பதினொரு நிமிடம் நான்கு நிமிடமானது. வெட்டியது எல்லாவற்றையும் அவர் கண் முன்னாலேயே அழித்தாள். போகும்போது அந்த அக்காள் பாப்பாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

இளைஞர்களுக்குப் பொறுப்பு இல்லை என்று ஆசிரியர்கள் அறையில் அடிக்கடி பேசுவோம். பொறுப்பு என்று ஒன்றை அவர்கள் கையில் நாம் எப்போது கொடுத்தோம்? மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்தால் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இங்கே ஒரு பெண்ணின் மானம் இருபது வயதுப் பிள்ளையின் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. அவள் அதைச் சரியாகப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு பேருந்து, பேருந்து, பேருந்து. ராமநாதபுரம், தொண்டி, மணமேல்குடி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடல் கண்ணில் பட்டதைவிட உப்பங்காற்று முகத்தில் பட்டதே அதிகம். தொண்டிப் பக்கத்தில் தம்பி இயர்போனில் இலங்கை எஃப்.எம். ஒன்றைப் பிடித்துவிட்டான். கடல் தாண்டி வந்த தமிழ்! எங்கள் அப்பா காலத்தில் இலங்கை வானொலிக்கு அஞ்சலட்டை எழுதாத வீடு எங்கள் தெருவில் குறைவு. ஊருக்கு ஊர் நேயர் மன்றம் வைத்திருந்தார்கள். யாரும் அதைச் சேவை என்று சொல்லவில்லை; மணிக்கணக்கும் எழுதவில்லை. தன் பெயரை ஒருமுறை அறிவிப்பாளர் வாசிக்கக் கேட்க வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். அந்த ஆசையில் மன்றத்துக்கு வாடகை கட்டினார்கள், இரவுப் பாடசாலை நடத்தினார்கள், ரத்ததானம் செய்தார்கள் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அதிராம்பட்டினத்தில் ஏறிய ஓர் இளைஞர் எங்கள் கருவியைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். கல்லூரி நாளில் அவரும் ஒரு வளாக வானொலியில் மூன்று வருடம் அறிவிப்பாளராக இருந்தவராம். "சான்றிதழ் கொடுத்தாங்க மேடம். ஆனா மூணு வருஷமும் என் பேச்ச யாரு கேட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. ஒரு ஆள் கூட வந்து, நேத்து நீ சொன்னது தப்புடான்னு சொன்னதில்ல. சொல்லியிருந்தா இன்னும் போய்க்கிட்டு இருப்பேன்." பேருந்துக் காசும் கையிலிருந்துதான் போட்டாராம். எந்த நிலையம் என்று நான் கேட்கவில்லை. தம்பி அவர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நிலையங்களுக்கு வருமானம் சொற்பம். 2024 பிப்ரவரியில் வந்த திருத்திய வழிகாட்டுதலில் விளம்பர நேரம் மணிக்கு 12 நிமிடம் என்று உயர்ந்தது. அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 74 ரூபாய். உள்ளூர் மளிகைக் கடைக்காரர் எவ்வளவு கொடுத்துவிடப் போகிறார்? மின்கட்டணம், பழுது, இரண்டு பேர் சம்பளம் போனால் மிஞ்சுவது இல்லை. அதனால் தன்னார்வலர்களை நம்பித்தான் ஓட வேண்டியிருக்கிறது. அது புரிகிறது. ஆனால் சம்பளம் கொடுக்க முடியாதது வேறு, பிள்ளையின் பேருந்துக் காசைக்கூட எடுத்து வைக்காதது வேறு. ஏழை வீட்டுப் பிள்ளைகள் முதலில் நின்றுபோவது இந்த இருபது ரூபாயில்தான்.

டெல்டாவுக்குள் நுழைந்ததும் வயல்கள். பாப்பா தன் வரலாற்றுப் பாடத்திலிருந்து ஒன்று சொன்னாள். 1960களின் நடுவில் திருச்சி வானொலி ஏ.டி.டி. 27 என்ற புது நெல்லைப் பற்றி உழவர்களிடம் விடாமல் பேசியது. தஞ்சாவூர் விவசாயிகள் அந்த நெல்லுக்கு வைத்த பெயர் 'ரேடியோ நெல்'. நெல்லுக்கே வானொலியின் பெயர் வந்த மண். தம்பிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "அப்ப ரேடியோ மல்லின்னு ஒண்ணு வரலாம்ல மேம்?" என்றான்.

வேதாரண்யம் வந்து சேர இரவு எட்டு மணி.

நான்காம் நாள்: வேதாரண்யம் – விழுந்தமாவடி – நாகப்பட்டினம்

காலையில் உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூணுக்கு ஒரு நடை. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்கள் இங்கே நடந்து வந்தார்கள். அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்குச் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளையில் கட்டி வைத்தார்கள். நடந்தவர்களின் பெயர்கள் ஏட்டில் இருக்கின்றன. கட்டி வைத்தவர்கள் யாரென்று தெரியாது. பாப்பா அந்த இடத்தில் ஒரு நிமிடம் வெறும் சத்தத்தை மட்டும் பதிந்தாள்: காக்கை, தூரத்து மோட்டார், உப்புக்காற்று. பேச்சை வெட்டி ஒட்டும்போது இடையில் வைக்க இந்த ஊர்ச் சத்தம் வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டுப்போட்டது காதுக்குத் தெரிந்துவிடும். அவளாகவே கண்டுபிடித்த பாடம்.

விழுந்தமாவடி வேளாங்கண்ணிக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் இருக்கிறது. மணற்பாங்கான ஊர். களஞ்சியம் சமுதாய வானொலி, 90.8, இங்கேதான் இருக்கிறது. தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் மகளிர் குழுக்களை ஒட்டி, 2004 சுனாமிக்குப் பிறகு வளர்ந்தது. அந்த டிசம்பர் 26இல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்ததும் இந்தக் கரையில்தான். அன்றைக்கு மாமரம், தென்னை, மின்கம்பம், செல்போன் கோபுரம் எல்லாம் சாய்ந்தன.

ஒரு வீட்டுத் திண்ணையில் நான்கைந்து பெண்கள் இருந்தார்கள். வயதான அம்மா ஒருவர், பக்கத்தில் அவருடைய பேத்தி. தம்பி இந்த முறை கேள்வித்தாளே எடுக்கவில்லை. "ஆத்தா, கஜாவுக்கு மொத நா ராத்திரி என்ன செஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டான்.

"ஆட்ட அவுத்துவிட்டேன். கட்டிக் கெடந்தா செத்துப்போகும். அரிசியப் பரண்ல ஏத்துனேன். இவ அப்போ சின்னப் புள்ள, இவள இழுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுனேன்." அப்புறம் உள்ளே போய் ஒரு பாலித்தீன் பொட்டலத்தை எடுத்து வந்தார். உள்ளே ஒரு சின்ன ரேடியோப் பெட்டி, இரண்டு பேட்டரிக் கட்டை தனியே சுற்றி. "கரண்டு இல்ல, போன் இல்ல. ஒரு வாரம் எங்க தண்ணி வருது, எங்க அரிசி கொடுக்கறாங்கன்னு வாய் வார்த்தையா அலைஞ்சோம். அதுலேர்ந்து கட்டைய வெளிய எடுத்தே வெச்சிருப்பேன். உள்ள கெடந்தா கசிஞ்சு பெட்டியத் தின்னுரும்."

பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். வானொலியில் பேசப் பிடிக்குமா என்று பாப்பா கேட்டாள். அந்தப் பெண் யோசித்துச் சொன்னாள்: "பேசறதவிட, புயல் வந்தா எந்தெந்த வீட்டுல நடக்க முடியாதவங்க இருக்காங்கன்னு லிஸ்ட் போட்டு வெச்சுக்கணும்க்கா. எங்க தெருவுல எனக்குத் தெரியும். அடுத்த தெருவுல தெரியாது."

அதை அப்படியே என் நோட்டில் எழுதினேன். பேசுவதற்கு ஆள் தேடினால் நான்கு பேர் வருவார்கள். தெருவுக்கு ஒரு ஆள் விவரம் சேர்க்க வேண்டும் என்றால், கூச்சப்படும் பிள்ளைக்கும், தெற்றிப் பேசும் பிள்ளைக்கும், வீட்டில் வெளியே விடாத பெண்ணுக்கும் வேலை இருக்கிறது. முகாமில் ஓரமாக நிற்கும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். இத்தனை வருடம் மேடை ஏறத் தெரிந்தவர்களையே தேர்ந்தெடுத்துவந்தேன் என்பது இன்றைக்கு உறைத்தது.

சமுதாய வானொலி தானே செய்தி தயாரித்து ஒலிபரப்ப முடியாது. ஆனால் வானிலை, பேரிடர் எச்சரிக்கை, மின்சாரம், குடிநீர், பரீட்சை முடிவு, வேலைவாய்ப்பு, திருவிழா போன்ற அறிவிப்புகளைச் சொல்லலாம். நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி அந்த ஊரிலேயே தயாரானதாக இருக்க வேண்டும் என்பதும் விதி. யோசித்துப் பார்த்தால் ஒரு தெருப் பிள்ளை நடந்தே சேகரித்துவிடக்கூடிய விவரங்கள் இவை. டெல்லியிலிருந்து யாரும் வந்து சொல்ல முடியாதவை.

இரவு நாகப்பட்டினம். கால் வலிக்கிறது, இதற்குமேல் எழுத முடியவில்லை.

ஐந்தாம் நாள்: நல்லவாடு, பிறகு ஊர்

இந்த ஊருக்கு வர வேண்டும் என்று அடம்பிடித்தது நான். நல்லவாட்டில் சமுதாய வானொலி நிலையம் தேடி நாங்கள் வரவில்லை. ஓர் ஒலிபெருக்கி செய்த காரியத்தைக் கேட்கத்தான் வந்தோம்.

சிதம்பரம், கடலூர் வழியாக வந்து தவளக்குப்பத்தில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் கடற்கரை. புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள மீனவர் ஊர். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தில் இங்கே ஓர் அறிவு மையம் இருந்தது. ஒரு கணினி, ஓர் ஒலிபெருக்கி, ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, இன்றைக்கு அலை இவ்வளவு என்று தமிழில் வாசிப்பார்கள். மீனவர்கள் அதைக் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போவார்கள். தினமும் அதே வேலை.

2004 டிசம்பர் 26 காலை. சிங்கப்பூரில் வேலை பார்த்த இந்த ஊர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் சுமத்ரா நிலநடுக்கத்தைப் பார்த்து வீட்டுக்குப் பேசினார். தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று தங்கை சொன்னாள். ஓடச் சொன்னார், ஊரையும் ஓடச் சொல்லச் சொன்னார். ஊர்க்காரர்கள் மையத்தின் பூட்டை உடைத்து ஒலிபெருக்கியைப் போட்டு அறிவித்தார்கள். சுமார் 500 குடும்பங்கள் இருந்த ஊர். வீடுகள் போயின, படகுகள் போயின. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை.

அலையோரம் நின்று இதை நான் சொல்லி முடித்தபோது இருவருமே பேசவில்லை. கடைசியில் தம்பிதான் கேட்டான்.

"அன்னைக்கு மட்டும் அந்த மைக்ல சொல்லியிருந்தா ஓடியிருப்பாங்களா மேம்?"

"ஏன் கேக்குற?"

"தெனமும் அலை எவ்வளவுன்னு சொன்ன மைக்கு. சொன்னது சரியா இருந்திருக்கு. அதனாலதான் அன்னைக்கும் நம்பியிருக்காங்க. திடீர்னு ஒருநா கத்தியிருந்தா, எவனோ வெளையாடுறான்னு இருந்திருப்பாங்கல்ல?"

ஆறு வருடத்தில் என் மாணவர் ஒருவர் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த இடம் அது. அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

மதுரைப் பேருந்தில் மூவரும் ஒரே இருக்கை. நிலையத்துக்கு அனுமதி வாங்குவது பற்றிப் பேசினோம். 1995இல் உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச்சொத்து என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, கல்வி நிறுவனங்களுக்கு வழி திறந்து, 2004 பிப்ரவரி 1இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாக வானொலி வந்தது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. எங்கள் கல்லூரியும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்கு நாளாகும், பணம் வேண்டும், கோப்பு நகர வேண்டும். இவர்கள் இருவரும் அதற்குள் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள்.

"அதுக்கு முன்னாடி மைக் போதும்ல மேம்?" என்றாள் பாப்பா.

போதும். எங்கள் முகாம் கிராமத்துக் கோயில் ஒலிபெருக்கி இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, காலையில் பத்து நிமிடம். தம்பி நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டான். நிலக்கோட்டைப் பூச்சந்தையில் விடியற்காலையிலேயே மல்லி விலை தெரிந்துவிடும். அந்தக் கிராமத்தில் பூப் பறிக்கிற வீடுகள் நிறைய. சந்தைக்குப் போக முடியாத சின்ன விவசாயி தரகர் சொன்ன விலைக்குத்தான் கொடுக்கிறார். தினமும் சந்தையிலிருந்து ஒருவர் விலையைச் சொல்ல, ஊரில் ஒருவர் அதை வாசித்தால் எப்படி இருக்கும்? விலைக்குப் பிறகு ஒரு பாட்டியின் குரல், மூன்று நிமிடம். ஐந்து பேர் முறை வைத்துக்கொண்டால் பரீட்சை நாளிலும் நிற்காது. பேருந்துக் காசு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று தனிப்பத்தி போட்டிருந்தான். அதிராம்பட்டினத்து இளைஞர் சொன்னதற்காக இன்னொரு பத்தி: 'வாரத்துக்கு ஒரு நாள் ஊரில் போய் உட்கார்ந்து, என்ன தப்பாகச் சொன்னோம் என்று கேட்க வேண்டும்.'

மணி நேரத்துக்கு அவன் பத்தியே போடவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

பாப்பா ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். விழுப்புரம் தாண்டியதும் தம்பி மெதுவாகக் கேட்டான்: "மேம், இந்தக் கருவிய ஒரு வாரம் நான் வெச்சுக்கவா? லீவு முடியறதுக்குள்ள சந்தைக்குப் போய்ப் பாக்குறேன். எங்க ஊர்லேர்ந்து மொத பஸ் நாலு நாப்பதுக்கு."

எடுத்துக் கொடுத்தேன். பாம்பன் பெரியவரின் துண்டு இன்னும் அதைச் சுற்றியே இருந்தது.